சுங்கை சிப்புட் தோட்டக் காற்பந்துக் குழுக்கள்: படங்களும் பெயர்களும் வேண்டும்

வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தின் எல்பில், ஹீவூட், டோவன்பி உள்ளிட்ட ரப்பர் தோட்டங்களின் காற்பந்துக் குழுக்களைப் பற்றித் தகவல் திரட்டுகிறோம். கோல் கணக்கு மட்டும் போதாது. கிராணி (தோட்ட எழுத்தர்) வீட்டுப் பிள்ளையும் பால்மரம் வெட்டியவர் பிள்ளையும் ஒரே ஜெர்சியில் நின்ற இடம் திடல். சந்தா யார் பிரித்தார், வெளியூர் ஆட்டத்துக்கு லோரி எப்படிக் கிடைத்தது, தோட்டம் துண்டாடப்பட்டதும் குழு என்ன ஆனது? இவைதான் எங்கும் எழுதப்படவில்லை.

குழுப் படம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். ஆல்பத்தின் பசைத்தாளில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்காதீர்கள், மேல்படலம் கிழிந்துவிடும். பக்கத்தோடு அப்படியே 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். சட்டக் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கழற்றாமல், ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி எடுங்கள். பின்பக்கமும் வேண்டும்; ஸ்டூடியோ முத்திரையில் ஆண்டு இருக்கலாம். படத்தின் மேல் பேனாவால் எழுதவே வேண்டாம். பெயர்களைத் தனித்தாளில், வரிசைவாரியாக, இடமிருந்து வலமாக, பட்டப்பெயரோடு எழுதுங்கள். ஊருக்குப் பலரைப் பட்டப்பெயரில்தான் தெரியும்! புலனத்தில் (வாட்ஸ்அப்) சாதாரணப் படமாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் நாளிதழின் விளையாட்டுச் செய்தி நறுக்குகள் இருந்தால் தேதியோடு தேவை. தேதி இல்லாவிட்டால் பின்பக்கச் செய்தியையும் எடுத்து அனுப்புங்கள், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

80 வயதைத் தாண்டிய ஆட்டக்காரர்களைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால், அடுத்த வாரமே நேரில் வந்து குரல்பதிவு செய்கிறோம்.