அணு அசையவே மாட்டேங்குது: சைபையில் கலப்பெண் சமன்பாடு

எம்எஸ்சி_ரெண்டாம்வருஷம்:
புராஜெக்டுக்கு ராபி அலைவு வரையணும், அதாவது ஒளி பட்ட அணு கீழ்நிலைக்கும் மேல்நிலைக்கும் நடுவுல மாறி மாறிப் போறது. சி1, சி2 ரெண்டும் அந்த ரெண்டு நிலைகளோட வீச்சு, நிகழ்தகவு இதுலேர்ந்துதான் வரும். சமன்பாடு ரெண்டே வரி: சி1-ன் வகைக்கெழு மைனஸ் ஐ/2 இன்ட்டு சி2, சி2-க்கு அதே கெழுவோட சி1. தொடக்கம் 1, 0. பைத்தானோட அறிவியல் கணக்கு நூலகமான சைபையில், இந்த மாதிரி சமன்பாட்டைத் தீர்க்கிற சால்வ்_ஐவிபி-யில் போட்டேன். சி1 கடைசி வரைக்கும் 1-லயே நிக்குது, படத்துல ஒரே நேர்கோடு. மேல மஞ்சளா ஏதோ எச்சரிக்கை வந்துச்சு, எப்பவும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன். ரெண்டு ராத்திரி போச்சு.

பழைய_ஃபோர்ட்ரான்:
அந்த மஞ்சள் வரியிலதான் பதில் இருக்கு தம்பி. தொடக்க மதிப்பு மெய்யெண்ணா இருந்தா, எல்லாமே மெய்யெண்தான்னு அது முடிவு பண்ணிடும். நீ திருப்பித் தர்ற வகைக்கெழுவோட கற்பனைப் பகுதியை வெட்டிடும். உன் கணக்குல வகைக்கெழு முழுக்கக் கற்பனைதான். வெட்டினா மிச்சம் சைபர். அணு எப்படி அசையும்? தொடக்கத்தை 1+0ஜே, 0ஜே-ன்னு கொடு (பைத்தான்ல ஐ-யை ஜே-ன்னுதான் எழுதணும்). அதுல இருக்கிற தீர்வு முறைகள்ல எல்எஸ்ஓடிஏ-வைத் தொடாதே, அதுக்குக் கலப்பெண் தெரியாது.

எம்எஸ்சி_ரெண்டாம்வருஷம்:
ஓடிருச்சு அண்ணே! ஆனா மேல்நிலையோட நிகழ்தகவு மைனஸ்ல போகுது. மைனஸ் 1 வரைக்கும். கைடு பாத்தா சிரிப்பார்.

பழைய_ஃபோர்ட்ரான்:
சி2-வை அப்படியே வர்க்கம் பண்ணியிருப்பே. விடை மைனஸ் ஐ சைன்(டி/2), டி-ங்கிறது நேரம். வர்க்கம் மைனஸ் சைன் ஸ்கொயர்தான் வரும். முதல்ல ஏபிஎஸ் போட்டு அளவை மட்டும் எடு, அப்புறம் வர்க்கம்.

சும்மா_வந்தேன்:
ஒண்ணு சேர்க்கிறேன். ரெண்டு நிகழ்தகவையும் கூட்டி வரைஞ்சு பாருங்க, எப்பவும் 1 வரணும். சார்புப் பிழை வரம்பைச் சொல்லாம விட்டா ஆயிரத்தில் ஒன்றுதான். நீள ஓட்டத்துல கூட்டுத்தொகை மெல்ல விலகும். அந்த வரம்பான ஆர்டோல்-ஐ 1இ-8 (பத்துக் கோடியில் ஒன்று) ஆக்குங்க, தனிப் பிழை வரம்பான ஏடோல்-ஐயும் அதோட இறக்குங்க. நான் ஒரு காலத்துல மெய், கற்பனைன்னு பிரிச்சு நாலு சமன்பாடா எழுதுவேன். ஒரு குறி மாறினா போதும், அலைவுக்குப் பதிலா நிகழ்தகவு 1-ஐத் தாண்டி ஏறிக்கிட்டே போகும்.

எம்எஸ்சி_ரெண்டாம்வருஷம்:
டி = பை வந்தப்போ கீழ்நிலையோட நிகழ்தகவு சைபர், ரெண்டு பை-யில் திரும்ப 1. கூட்டுத்தொகை நேர்கோடு. இந்த நேர்கோடு பரவாயில்லதானே அண்ணே?