மாமல்லபுரமும் புதுச்சேரியும் ஒரே நாளிலா?

வாவிக்கரை:
டிசம்பர் லீவில மட்டக்களப்பில இருந்து சென்னைக்குப் போற ஏழு பேருக்கு ஆலோசனை வேணும். வயசானவங்க ரெண்டு பேர், சின்னப்பிள்ளை ஒண்டு. கையில 3 நாள்தான். வான் பிடிச்சா மாமல்லபுரமும் புதுச்சேரியும் ஒரே நாளில முடியுமா?

நாவலடி:
தாராளமா முடியும். சென்னையில இருந்து மாமல்லபுரம் 60 கிலோமீற்றர் அளவில, அங்கிருந்து புதுச்சேரி இன்னும் 100 அளவில. ரெண்டுமே கிழக்குக் கடற்கரைச் சாலையில, சுத்தி அலையத் தேவையில்ல. விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டா 6.30க்கு மாமல்லபுரத்தில டிக்கெட் எடுக்கலாம். வான் பேசக்குள்ள சுங்கம், புதுச்சேரி பெர்மிட், டிரைவர் பேட்டா (அவர்ட நாள் படி) மூண்டும் வாடகைக்குள்ள அடங்குதா எண்டு கேட்டு எழுதி வாங்குங்க. கடைசியில சண்டை வாறது இந்த மூண்டாலதான்.

ஆரையம்பதி:
ரோட்டுக் கணக்கு சரி தம்பி, நேரக் கணக்குப் பிழை. மாமல்லபுரத்தை 10 மணிக்கு விட்டா புதுச்சேரிக்கு 12.30 ஆகும். அரவிந்தர் ஆசிரமம் 12க்குப் பூட்டி 2க்குத்தான் திறக்கும். மணக்குள விநாயகர் கோயில் பின்னேரம் 4 மணிக்கு. பக்கத்தில ஆரோவில்ல இருக்கிற மாத்ரி மந்திர் எண்ட தியான மண்டபத்துக்குள்ள போக முன்கூட்டியே பதிய வேணும். பதியாமப் போனா நடந்து போய்த் தூரத்தில நிண்டு அந்தத் தங்க உருண்டையைப் பார்க்கிறதுதான். அந்த நடை வயசானவங்களுக்கு லேசில்ல. அதுக்குப் பிறகு 150 கிலோமீற்றர் இரவில திரும்ப வேணும்.

நாவலடி:
பூட்டிக் கிடக்கிற நேரம் சாப்பாட்டு நேரம்தானே அண்ணே? பின்னேரம் 6 மணிக்குப் பிறகு புதுச்சேரி நகரத்துக் கடலோரச் சாலையில வாகனம் விடமாட்டாங்க, பிள்ளைகள் பயமில்லாம ஓடலாம். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே போகலாம்.

ஆரையம்பதி:
நல்ல இடம்தான், மறுக்கல்ல. ஆனா அதுக்காக மாமல்லபுரத்தை அரக்கப்பரக்கப் பார்க்கிறது அநியாயம். கடற்கரைக் கோயில் வெட்டின கல்லை அடுக்கிக் கட்டினது. ஐந்து ரதம் அப்படியில்ல, கிடந்த பாறையையே மேலிருந்து கீழாச் செதுக்கி இறக்கினது. அதாலதான் சிலதில மேல்பகுதி முடிஞ்சிருக்கும், அடிப்பகுதி அரைகுறையா நிக்கும். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட ரெண்டு இடத்திலயும் ஆறுதலா நிக்க வேணும். திரௌபதி ரதத்தின்ட கூரையைப் பாருங்க, நம்மட ஓலைக் குடில் கல்லாச் சமைஞ்ச மாதிரி. அர்ச்சுனன் தபசு கிழக்குப் பார்த்த பாறைச் சிற்பம். காலை வெயில் நேர விழக்குள்ளதான் நடுவெடிப்பில இருக்கிற நாகமும், யானைக் காலடியில தவம் செய்யிற பூனையும் துலக்கமாத் தெரியும். வெயில் ஏறினாப் பாறை சுடும், வயசானவங்க வானை விட்டு இறங்க மாட்டாங்க.

பெரியகல்லாறு:
டிக்கெட் விசயம் ஒருத்தரும் சொல்லல்ல. வெளிநாட்டவருக்கு 600 இந்திய ரூபா, சார்க் நாட்டவருக்கு (இலங்கை மாதிரித் தெற்காசிய நாட்டவருக்கு) இந்தியர் மாதிரியே 40. இலங்கைக் கடவுச்சீட்டைக் கவுண்டரில முதலே நீட்டுங்க. றூமில வச்சிட்டுப் போனா டிக்கெட் ஒண்டுக்கு 560 ரூபா வீண். கடற்கரைக் கோயிலில எடுத்த டிக்கெட்டே ஐந்து ரதத்துக்கும் செல்லும், கசக்கி எறிஞ்சிடாதீங்க.

மறுகா, கடல். பாசிக்குடாவில எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பளவுத் தண்ணிதான். அந்தப் பழக்கத்தில மாமல்லபுரத்தில இறங்கினா உயிருக்கு ஆபத்து. அது திறந்த கடல், கரையிலயே ஆழம் விழும், அலை திரும்பக்குள்ள காலடி மண்ணை உருவும். டிசம்பர் வாடைக்காற்றில இன்னும் மோசம். மெரினாவும் அப்படித்தான். கால் நனைக்கக்குள்ளயும் பிள்ளையின்ட கையை விடாதீங்க.

நாவலடி:
டிக்கெட்டும் கடலும் சரி. ஆனா 3 நாளில புதுச்சேரியை வெட்டினா மிச்ச நாளில என்ன செய்யிற?

ஆரையம்பதி:
ஒரு நாள் மயிலாப்பூருக்கு. விபுலானந்த அடிகள் 1922இல சேர்ந்து பிரபோத சைதன்யர் எண்ட பிரமச்சரியப் பேர் எடுத்த இராமகிருஷ்ண மடம் அங்கதான். கல்லடியில அவர்ட சமாதியைக் கும்பிட்டு வளர்ற பிள்ளைகள் பார்க்க வேண்டிய இடம் அது. கபாலீசுவரர் கோயில் பக்கத்திலதான். மத்தியானம் நடை சாத்துவாங்க, காலையில போங்க. மாமல்லபுரத்தால திரும்பக்குள்ள முட்டுக்காட்டில தட்சிணசித்ரா இருக்கு. பழைய வீடுகளைப் பிரிச்சுக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வச்சிருக்காங்க, நிழலும் இருக்கு. செவ்வாய்க்கிழமை பூட்டு, அந்த நாளை மட்டும் தவிருங்க.

நாவலடி:
வயசானவங்களோட எண்டா நீங்க சொல்றதுக்கு ஒத்துக்கொள்றன். இளம் ஆக்களுக்கு என்ட பேச்சுத்தான், ஆனா ஒரு இரவு புதுச்சேரியில தங்கட்டும்.

வாவிக்கரை:
மாமல்லபுரம் புதன்கிழமை, அடுத்த நாள் காலை மயிலாப்பூர். ஏழு கடவுச்சீட்டும் ஒரே பையில வரும்.