பாட்டு வழியே அந்தாதியும் மோனையும்: வகுப்பில் கண்டது

செய்யுள் இலக்கணமான யாப்பும், அதன் அழகைச் சொல்லும் அணியும் நடத்தும்போது இலக்கணப் புத்தகத்தை நான் கடைசியில்தான் திறப்பேன். முதலில் பாட்டு. காதுக்குப் பழகிய ஓசைக்கு அப்புறம் பெயர் சொன்னால் பிள்ளைகளுக்கு அது மறப்பதில்லை. பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வோடு போய்விடும்.

எனக்கு மிகவும் கைகொடுக்கும் பாட்டு, ‘மூன்று முடிச்சு’ (1976) படத்துக்காகக் கண்ணதாசன் எழுதிய ‘வசந்த கால நதிகளிலே’. ஓரடி முடிகிற சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த அடி தொடங்கும். நீரலைகள், நினைவலைகள், கனவலைகள் என்று போகும். கொஞ்ச நேரத்திலேயே அடுத்த அடியின் முதல் சொல்லை மாணவர்கள் முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். அந்த நேரம் பார்த்து ‘இதுதான் அந்தாதி’ என்பேன். அங்கிருந்து காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதிக்கும், அபிராமி அந்தாதிக்கும் போவது சுலபம்.

அதே பாட்டில் மோனையும், அதாவது சீர்களின் முதல் எழுத்து ஒன்றிவருவதும், இருக்கிறது. அடியை நான்கு சீராக, அதாவது ஓசைத் துண்டுகளாக, பிரித்துப் பலகையில் எழுதுவோம். முதல் சீர் தொடங்குவது ‘வ’, மூன்றாம் சீர் ‘வை’. அடுத்த அடியில் ‘நீ’, ‘நெ’. அதற்கடுத்து ‘நி’, ‘நே’. “எழுத்து ஒண்ணா இல்லையே சார்?” என்று நிச்சயம் ஒரு குரல் வரும். அ, ஆ, ஐ, ஔ ஓரினம்; இ, ஈ, எ, ஏ ஓரினம் என்ற விதியை அப்போதுதான் சொல்வேன். முதல் சீரும் மூன்றாம் சீரும் இப்படி ஒன்றினால் பொழிப்பு மோனை. விதிக்கு முன்னால் கேள்வி வந்துவிட்டதால் விதி பாரமாக இருக்காது.

ஒன்றை இன்னொன்றாகவே சொல்லும் உருவக அணிக்கும் இதே பாட்டுதான். ஒரு மாணவி கேட்டாள்: “நினைவலை உருவகம்னா, நீரலையும் உருவகம்தானே?” நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. “தண்ணியில அலை நிஜமாவே இருக்கு. நினைவுல எங்க இருக்கு?” உருவகத்தை இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

எதுகைக்குத்தான் பொறுமை வேண்டும். ராப் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு அடியின் கடைசியில் வரும் இயைபு சட்டென்று பிடிபடுகிறது. சொல்லின் இரண்டாம் எழுத்தில் ஒளிந்திருக்கும் எதுகை பிடிபடுவதில்லை. மெட்டு அதை இழுத்து மூடிவிடுகிறது. அதனால் பாட்டை மெட்டில்லாமல், பேசுகிற மாதிரி வாசிக்கச் சொல்வேன். அதன்பின் ‘அகர’, ‘பகவன்’ என்று முதல் குறளைப் படித்தால் அவர்களே கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரே தொடர் இரு பொருள் தரும் சிலேடைக்கு ‘பலே பாண்டியா’ (1962) படத்தின் ‘அத்திக்காய்’ பாட்டு. அத்திக்காய் என்பது காய். அத்திக்காய் காய் என்பது ‘அந்தத் திக்கில் காய்’ என்று நிலவிடம் சொல்வது. நிலவு ஒளி வீசுவதை ‘காயும்’ என்று சொல்லும் வழக்கே இன்றைய பிள்ளைகளுக்குப் புதிது. அதைச் சொல்லிவிட்டு மறுபடி ஒலிக்கவிட்டால் போதும்.

இயல்பாக நடப்பதன்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றிச் சொல்லும் தற்குறிப்பேற்ற அணிக்கு மட்டும் நான் சினிமாப் பாட்டு தேடுவதில்லை. சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் ‘வாரல்’ (வராதீர்கள்) என்று கைகாட்டித் தடுக்கும் மதுரையின் கொடிகளைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கடைசியாக எழுத வைப்பேன். சினிமாவில் மெட்டு முதலில் வந்தால் தத்தகாரத்துக்குத்தானே வரி எழுதுகிறார்கள்? ‘தானம் தனந்தன தனதனம் தானம்’ என்று கொடுத்தேன். ஒரு பையன் ‘வானம் இருண்டது மழைவரும் நேரம்’ என்று எழுதினான். அளவு கச்சிதம். ஆனால் “மோனை இல்ல சார்” என்று அழிக்கப் போனான். பக்கத்தில் இருந்தவன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். “வகரமும் மகரமும் ஓரினம்டா, விடு!” பொழிப்பு மோனை, அவனுக்கே தெரியாமல் வந்து விழுந்திருந்தது. அதைப் பாடிக்காட்டச் சொன்னதும் வகுப்பே சேர்ந்து பாடியது.