பழைய கம்ப்யூட்டர்ல விண்டோஸ் கூடவே லினக்ஸும் போடலாமா? அப்பாவோட கடை கணக்கு அதுலதான் கீது

குடியாத்தம்_பையன்:
வணக்கம் அண்ணாங்களா. வீட்ல 2013ல வாங்கின டெஸ்க்டாப் ஒண்ணு கீது, மூணாவது ஜெனரேஷன் இன்டெல் ஐ3 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. எங்கப்பாவுக்கு லுங்கி மொத்த வியாபாரம், பில் போடுற சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், எட்டு வருஷ கணக்கும் அதுக்குள்ளதான். தங்கச்சி இந்த வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேந்திருக்கா, சி, பைதான் ப்ரோக்ராமிங் பழக, விண்டோஸ் மாதிரியே இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் வேணும்ன்றா. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சி, 11 போடலாம்னு பாத்தா இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் எடுக்குமாம். புதுசு வாங்க இப்ப காசு இல்ல. ஒரு கடையில கேட்டா ஃபார்மட் பண்ணிட்டு ரெண்டும் போட்டு தரோம்னாங்க, ஃபார்மட்னு கேட்டதுமே சிபியூவ தூக்கினு வந்துட்டேன். கணக்குக்கு ஒண்ணும் ஆகாம செய்ய முடியுமா?

காட்பாடி_ஜங்ஷன்:
முடியும் தம்பி, ஃபார்மட்லாம் எதுக்கும் வேணாம். நம்ம கவர்மென்ட் குடுத்த ஸ்கூல் லேப்டாப்லயே விண்டோஸும் பாஸ்னு ஒரு லினக்ஸும் ரெண்டும் சேந்துதான வந்துச்சி. மொதல்ல கணக்கு ஃபோல்டர வெளி டிஸ்க்ல ஒரு காப்பி எடு, அந்த காப்பிய வேற சிஸ்டத்துல தொறந்து பாத்துக்கோ. அப்புறம் விண்டோஸ்லயே டிஸ்க் மேனேஜ்மென்ட் போயி ஷ்ரிங்க் குடுத்து ஒரு 100 ஜிபி காலி பண்ணு. பவர் ஆப்ஷன்ஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்ப கண்டிப்பா ஆஃப் பண்ணிடு, அது ஆன்ல இருந்தா விண்டோஸ் முழுசா ஷட்டவுன் ஆகாது, பாதி தூக்கத்துல இருக்கும், லினக்ஸ்ல இருந்து அந்த டிரைவ்ல எதையும் எழுத விடாது. உன் ராமுக்கு லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇன்னு லேசான ஒரு லினக்ஸ் கீது, அது சரியா இருக்கும். பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலே லைவ்ல ஓட்டி வைஃபை, பிரிண்டர் வேலை செய்யுதான்னு பாத்துடு.

பாலாத்தங்கரை:
காட்பாடி அண்ணன் சொன்ன வழி சரிதான், ஆனா அந்த டிஸ்க்குல நான் கை வைக்க மாட்டேன். பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஓடுன டிஸ்க், அதுல ஒரு குடும்பத்தோட பொழப்பு கீது. எங்க வீட்ல நான் இதே மாதிரி பார்ட்டிஷன, அதான் டிஸ்க்குக்குள்ள பிரிச்ச பகுதிய, நகத்தினு இருந்தேன், கத்திரி வெயில் நேரம், பாதியில கரண்ட் போச்சி, யூபிஎஸ் பேட்டரி செத்துப்போனது எனக்கு தெரியல. எங்கம்மாவோட பழைய போட்டோ எல்லாம் போயிடுச்சி, இன்னிக்கி வரைக்கும் திரும்ப கிடைக்கல.

அதனால சொல்றேன், 240 ஜிபி எஸ்எஸ்டி, சுத்துற பாகம் இல்லாத வேகமான டிஸ்க், ஒண்ணு வாங்கு. எச்61 போர்டுல டிஸ்க் மாட்டுற இணைப்பு பழைய சாட்டா 2 தான், முழு ஸ்பீடு வராது, ஆனாலும் ஹார்ட் டிஸ்க்கோட பாத்தா பல மடங்கு வேகம். பழைய டிஸ்க்கோட கேபிள கழட்டி வச்சிடு, எஸ்எஸ்டி மட்டும் மாட்டி அதுல மின்ட் போடு. டிஸ்க்கே மாட்டலன்னா தப்பா எதை கிளிக் பண்ணாலும் அப்பா கணக்க தொடவே முடியாது. இன்ஸ்டாலுக்கு முன்னாடியே விண்டோஸ்ல எம்எஸ்இன்ஃபோ32 அடிச்சி பயாஸ் மோட் (கம்ப்யூட்டர் ஆன் ஆகுற முறை) பழைய லெகசியா புது யூஇஎஃப்ஐயான்னு பாத்துக்கோ, லினக்ஸையும் அதே மோட்ல போடணும், மாறிப்போனா ரெண்டும் ஒரே மெனுல வராது. முடிச்சதும் பழைய டிஸ்க்க மாட்டி, பயாஸ்ல எஸ்எஸ்டிய மொதல்ல வச்சி, மின்ட்ல டெர்மினல், அதான் கமாண்ட் டைப் பண்ற விண்டோ, தொறந்து சூடோ அப்டேட்-கிரப் போட்டா ஆன் பண்றப்பவே எது வேணும்னு கேக்கும். இன்னொண்ணு, விண்டோஸுக்கு இனிமே நெட் குடுக்காத. பில்லு மட்டும் அங்க, பேங்க், மெயில் எல்லாம் லினக்ஸ்ல.

குடியாத்தம்_பையன்:
பாலாத்தங்கரை அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே செஞ்சிட்டேன், மெனு வருது, அப்பா கணக்கு ஒரு வரி கூட மாறல. கூடவே டிடிஆர்3 ராம் 4 ஜிபி இன்னொண்ணு பழசா கிடைச்சிது, அதையும் மாட்டியாச்சி. ஆனா ஒரு பிரச்சன, தங்கச்சி லினக்ஸ்ல உக்காந்து எழுந்ததுக்கு அப்புறம் விண்டோஸ் போனா டைம் தப்பா காட்டுது, காலைல 10 மணிக்கு போட்ட பில்லுல 4.30ன்னு விழுந்திருக்கு. போர்டு பேட்டரி போயிடுச்சா?

காட்பாடி_ஜங்ஷன்:
பேட்டரி இல்ல தம்பி, கணக்கு போட்டு பாரு, சரியா அஞ்சரை மணி நேரம் கம்மி. லினக்ஸ் போர்டு கடிகாரத்துல யூடிசி நேரத்த, அதான் நம்மளவிட அஞ்சரை மணி பின்னாடி இருக்குற உலகப் பொது நேரத்த, வைக்கும், விண்டோஸ் அதையே நம்ம ஊர் நேரம்னு எடுத்துக்கும். மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல் போட்டு, ஒரு ஸ்பேஸ் விட்டு செட்-லோக்கல்-ஆர்டிசி, திரும்ப ஸ்பேஸ் விட்டு 1, எல்லாம் சின்ன எழுத்து இங்கிலீஷ்ல அடி. அப்புறம் விண்டோஸ் போயி ஒரே ஒரு தடவ நேரத்த கையால சரி பண்ணு. தப்பா விழுந்த பில்ல அப்பாகிட்ட சொல்லி இன்னிக்கே திருத்திடு.

குடியாத்தம்_பையன்:
சரியாயிடுச்சிண்ணா, ரெண்டுலயும் ஒரே டைம். மொத்தம் மூணு பில்லு, திருத்தியாச்சி. ரெண்டு அண்ணனுக்கும் ரொம்ப நன்றி, தங்கச்சியும் சொல்லச் சொன்னா.