பழைய ஸ்பீக்கரை மாற்றுவதா, சரிசெய்வதா? எங்கள் வீட்டு அனுபவம்

"ஸ்பீக்கருக்கு வயசாயிடுச்சு, மாத்திடலாமா?" என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தப் பாகத்துக்கு வயசானது என்று தெரியாமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

என்னுடையது 1997-இல் வாங்கிய டூ-வே செட். தாழ்ந்த ஒலிக்கு 8 அங்குல வூஃபர், மேல் ஒலிக்குத் துணி டோம் ட்வீட்டர், இருப்பது சென்னையில். கோளாறு முதலில் தெரிந்தது மிருதங்கத்தில்தான். தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியில் கும்கி என்ற கனத்த அடி விழும்போது வர வேண்டிய கனம் வரவில்லை, கூடவே காகிதம் படபடக்கிற சத்தம். முன்பக்கத் துணி கிரில்லைக் கழற்றிப் பார்த்தேன். முன்னும் பின்னும் அசைந்து ஒலி தரும் கூம்பான கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் பாதிச் சுற்றுக்கு விரிசல் விட்டுக் கிடந்தது. விரல் வைத்ததும் கறுப்புப் பிசினாக ஒட்டிக்கொண்டு உதிர்ந்தது.

அந்தக் கால ஃபோம் பெரும்பாலும் பாலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். பாட்டே கேட்காமல் மூடி வைத்திருந்தாலும் பதினைந்து, இருபது வருடத்தில் இப்படி ஆவது சகஜம். ரப்பர் வளையமோ துணி வளையமோ இருந்தால் இந்தத் தொல்லை குறைவு.

வளையம் போனால் ஸ்பீக்கரே போய்விட்டது என்று அர்த்தமில்லை. நான் அடுத்துப் பார்த்தது கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலை. கோனின் இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெதுவாக அழுத்தினேன். உரசல் சத்தம் இல்லை. மல்டிமீட்டரில் 6 ஓமுக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது சரியான அளவு. காயில் நன்றாக இருக்கிறது என்று தெரிந்ததுமே சரிசெய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் கொண்டுபோனேன். "ரப்பர் போட்டுடலாம் சார், காலத்துக்கும் நிக்கும்" என்றார். அவர் சொன்னது நல்ல எண்ணத்தில்தான். ஆனால் ரப்பர் கனம் கூடியது, விறைப்பும் வேறு. வூஃபரின் ஒத்ததிர்வு, அதாவது அது இயல்பாகவே அதிகம் அதிரும் அலைவரிசை, மாறிவிட்டால், அந்த வூஃபருக்காக அளவெடுத்துச் செய்த பெட்டிக்கும் அதற்கும் பொருத்தம் போய்விடும். "இல்லண்ணே, அதே அளவு ஃபோமே போடுங்க" என்றேன். பழைய பசையைச் சுரண்டித் துடைக்கவே அவருக்கு நேரம் பிடித்தது. புது வளையத்தை ஒட்டும்போது, காயில் நடுவில் நிற்கிறதா என்று அடிக்கடி கோனை அழுத்திப் பார்த்துக்கொண்டார். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. கோணலாக ஒட்டினால் காயில் காந்த இடுக்கில் உரசி வீணாகிவிடும்.

அப்புறம் கிராஸ்ஓவர், அதாவது தாழ்ந்த ஒலியை வூஃபருக்கும் மேல் ஒலியை ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் சுற்று. இரண்டு பக்கமும் ஒரே ஒலி வரும்படி ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) மோனோ போட்டு பேலன்ஸ் குமிழை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் கேட்டால், இடது ட்வீட்டர் மங்கலாக இருந்தது. தம்புராவின் மீட்டு அதில் பாதிதான் கேட்டது. கிராஸ்ஓவரிலிருந்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உள்ளே காய்ந்துபோயிருந்தது. இரண்டு பக்கத்துக்கும் அதே மதிப்பில் ஃபிலிம் கெப்பாசிட்டர் மாற்றினோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஒலி இரண்டு பக்கமும் வேறு வேறாக நிற்கும்.

இதற்குப் பிறகுதான் நண்பருடைய புது ஸ்பீக்கரை வீட்டுக்குக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் கேட்டேன். ஷோரூமில் கேட்டு முடிவு செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அந்த அறை வேறு. வால்யூமைச் சமமாக்கியே ஒப்பிட வேண்டும், ஏனென்றால் சத்தம் கூடுதலாக வருவதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். புதியதில் குரல் இன்னும் தெளிவு, அதை மறுக்க மாட்டேன். மிருதங்கத்தின் எடை என் பழையதில்தான் இருந்தது. புதியதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே வாட்டுக்கு வரும் சத்தம், 3 டெசிபல் குறைவு வேறு. அதே சத்தத்துக்கு ஆம்ப் இரண்டு மடங்கு வாட் தர வேண்டும். என் சின்ன ஆம்புக்கு அது ஒத்துவராது.

எல்லோருக்கும் இதே முடிவு சரிவராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சித்தப்பா வீட்டு ஸ்பீக்கர் தண்ணீரில் நின்றது. துகள் பலகைப் பெட்டி அடியில் ஊதிப்போய், மூலைகள் பிளந்து, காயிலும் துருவில் இறுகிவிட்டது. "இதுல காசைக் கொட்டாதீங்க சித்தப்பா, புதுசே வாங்கிடுங்க" என்று நான்தான் சொன்னேன்.

என்னுடையதில் ட்வீட்டர் எரிந்துபோய், அதே மாடல் எங்கும் கிடைக்காவிட்டால் நானும் புதுசுக்குப் போய்விடுவேன். வேறு ட்வீட்டரை ஒட்டுப்போட்டு வைத்துக்கொள்ள மாட்டேன்.