400 டாலருக்குள் முதல் கைத்துப்பாக்கி வாங்கிய அனுபவம்

கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் இதைப் பற்றி யோசித்தேன். எச்1பி விசாவில் இருக்கும்வரை, வேட்டை உரிமம் மாதிரி ஒருசில விதிவிலக்குகள் தவிர, அமெரிக்காவில் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருக்கவே கூட்டாட்சிச் சட்டம் விடாது. அது தெரியாமல் வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சுடுபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

ஹூஸ்டனில் இருக்கிறோம். கையில் இருந்தது 400 டாலர். முதலில் போன கடையில் போலீஸார் பயன்படுத்திவிட்டுத் திருப்பிக் கொடுத்த .40 காலிபர் (தோட்டா அளவு) கிளாக் கம்பெனித் துப்பாக்கி ஒன்றை நல்ல விலைக்குக் காட்டினார்கள். வாங்கியே விடுவது என்றிருந்தேன். எஃப்பிஐ .40ஐ விட்டு 9 மில்லிமீட்டர் தோட்டாவுக்குத் திரும்பிய பிறகு பல காவல்துறைகளும் மாறிவிட்டன, அதனால்தான் .40 மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் தோட்டா விலை 9 மில்லிமீட்டரைவிட அதிகம், கையில் உதைப்பும் அதிகம். கடைக்காரர் இதில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான். அதைவிட மலிவு ஹை-பாயிண்ட் கம்பெனித் துப்பாக்கி. சுடும், ஆனால் ஸ்லைடு (குழலுக்கு மேல் முன்னும் பின்னும் நகரும் பாகம்) கனம், இழுக்கவே மூச்சு வாங்குகிறது.

அப்புறம் ஒரு ரேஞ்சில் வாடகைக்கு மூன்றை எடுத்துச் சுட்டுப் பார்த்தோம். உருப்படியாகச் செய்த வேலை இதுதான். என் மனைவியால் எந்த ஸ்லைடையும் பின்னால் இழுக்க முடியவில்லை, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வழுக்கிக்கொண்டே இருந்தன. அங்கிருந்த பயிற்சியாளர் அம்மா, துப்பாக்கியை நெஞ்சோரம் கொண்டுவந்து, குழல் முன்பக்கம் பார்த்தபடியே இருக்க, ஸ்லைடை மேலிருந்து முழுக் கையால் பிடித்துக்கொண்டு, பிடியில் இருக்கும் கையை முன்னால் தள்ளச் சொன்னார். அப்படிச் செய்ததும், அந்த மூன்றில் ஒன்றான டாரஸ் ஜி3சியின் ஸ்லைடு உடனே திறந்தது. சரி, இதுதான் என்று முடிவாகிவிட்டது.

விலை 260, ஹூஸ்டன் விற்பனை வரி 8.25 சதவீதம் சேர்த்து 281 டாலர் சொச்சம். மீதியில் பூட்டுப் பெட்டி 40, காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு 30, ஐம்பது தோட்டாப் பெட்டி மூன்று 45. துப்பாக்கிக்கே 400ஐயும் கொட்டியிருந்தால் சுடப் பழகத் தோட்டா இருந்திருக்காது. துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய 4473 படிவத்தில் கிரீன் கார்டு எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பின்னணிச் சோதனையில் அன்றே அனுமதி வரவில்லை, மூன்றாம் நாள்தான் கடையிலிருந்து கூப்பிட்டார்கள். பயப்பட ஒன்றுமில்லை, பலருக்கும் இப்படி ஆகிறது.

கூடவே ஒரு கேபிள் பூட்டு இலவசமாக வந்தது. ஆனாலும் வீட்டில் ஆறு வயதுப் பெண் இருப்பதால், பெட்டியை அலமாரிச் சுவரில் திருகி முடித்த பிறகுதான் துப்பாக்கியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். தோட்டாக்கள் வேறு இடத்தில், தனிப் பூட்டில். மனைவிக்கு ஸ்மித் அண்ட் வெஸன் கம்பெனியின் ஷீல்டு ஈஇசட் துப்பாக்கி பிடித்திருக்கிறது, ஸ்லைடு அவ்வளவு இலகு. அதற்கு இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.