ட்ரெயின்ல செஸ் ஆடுறப்போ ஸ்டேஷன் வந்தா மட்டும் கேம் கட் ஆகுது, யாராவது வழி சொல்லுங்க

பல்லாவரம்_ராணி:
எல்லாருக்கும் வணக்கம். நான் தினமும் காலைல பல்லாவரத்துல ஏறி பார்க் ஸ்டேஷன் வரைக்கும் சென்னை பீச் லைன்ல போறவ. சீட் கிடைச்சா போன்ல செஸ் ஆடிக்கிட்டே போவேன், பெரும்பாலும் ஆளுக்கு 5 நிமிஷ கேம், இன்கிரிமென்ட் (ஒவ்வொரு மூவுக்கும் கூடுற டைம்) கிடையாது. கொஞ்ச நாளா ஒரு பிரச்சனை. கேம் நல்லா போயிட்டு இருக்கும், திடீர்னு "மறுபடி இணைக்கப்படுகிறது"ன்னு வந்து போர்டு அப்படியே உறைஞ்சு நிக்கும், திரும்ப வர்றதுக்குள்ள என் டைம் பாதி காலி, இல்லன்னா எதிராளி வெற்றி கேட்டு வாங்கிட்டுப் போயிருப்பாரு. நேத்து நான் ஒரு யானை கூடுதலா வச்சிருந்த கேம் இப்படித்தான் போச்சு. இப்படி அடிக்கடி நடந்ததால கேமை பாதில விட்டுட்டுப் போறேன்னு ஆப் என்னைக் கொஞ்ச நேரம் புது கேம் ஆடவே விடல. போன் புதுசு, டேட்டா பேக் இருக்கு, ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி மறுபடி போட்டும் பாத்துட்டேன்.

இன்னொண்ணும் கேக்கணும். சாயங்காலம் ஆபீஸ் தோழி ஒருத்தியும் கூட வருவா, ரெண்டு பேரும் நேர்ல போர்டு வச்சு ஆடணும்னு ஆசை. ட்ரெயின் குலுங்குறப்போ காய் நிக்கிற மாதிரி எது வாங்கலாம்?

வடபழனி_குதிரை:
சிஸ்டர் இது டவர் பிரச்சனைதான், ஓடுற ட்ரெயின்ல டவர் மாறிக்கிட்டே இருக்கும்ல. ஒண்ணும் பண்ண முடியாது. பேசாம நாள் கணக்குல ஆடுற கேமுக்கு மாறிடுங்க, ஒரு மூவுக்கு 1 நாள்ல இருந்து 14 நாள் வரைக்கும் வச்சுக்கலாம், நெட் போனா என்ன வந்தா என்ன.

பல்லாவரம்_ராணி:
நன்றி ப்ரோ, ஆனா டவரா இருக்குமான்னு எனக்கு சந்தேகமா இருக்கு, ஏன்னா ட்ரெயின் வேகமா ஓடுறப்போ ஒண்ணும் ஆகுறதில்ல. கிண்டில நிக்கிறப்போ, மாம்பலத்துல நிக்கிறப்போ, எழும்பூர்ல நிக்கிறப்போ, அப்பதான் கட் ஆகுது. அதுவும் வண்டி கிளம்பி கொஞ்ச தூரம் போற வரைக்கும் வராது. சிக்னல் என்னவோ ஃபுல்லாதான் காட்டுது.

நெட்வொர்க்_கணேசன்:
அக்கா, நீங்க எழுதுன கடைசி நாலு வரிலயே விடை இருக்கு. போன்ல வைஃபை ஆன்ல இருக்கா? எப்பவாச்சும் ஸ்டேஷன் வைஃபைல நம்பர் குடுத்து ஓடிபி போட்டு கனெக்ட் பண்ணிருக்கீங்களா?

பல்லாவரம்_ராணி:
ஆமா தம்பி, போன மாசம் ஒரு நாள் டேட்டா தீந்து போச்சுன்னு எழும்பூர்ல போட்டேன். வைஃபை எப்பவுமே ஆன்லதான் இருக்கும், வீட்ல வேணும்ல.

நெட்வொர்க்_கணேசன்:
அப்போ அதேதான். நடக்குறது இதுதான்: நீங்க ஒரு தடவ போட்ட வைஃபையை போன் ஞாபகம் வச்சிருக்கும். பல ஸ்டேஷன்ல வைஃபை பேரு ஒண்ணேதான், அதனால எழும்பூர்ல போட்டது மாம்பலத்துலயும் கிண்டிலயும் தானா ஒட்டிக்கும். வண்டி நின்னதும் போன் மொபைல் டேட்டாவை விட்டுட்டு வைஃபைக்குத் தாவுது. செஸ் ஆப் சர்வர் கூட ஒரே கனெக்ஷனைப் பிடிச்சு வச்சிருக்கும், நெட் மாறினா ஐபி முகவரி (நெட்ல உங்க போனோட அடையாள எண்) மாறும், அந்த கனெக்ஷன் அங்கயே அறுந்துடும், திரும்ப முதல்ல இருந்து பிடிக்கணும். இதையாவது சமாளிச்சுடலாம், வண்டி கிளம்பினதுக்கு அப்புறம்தான் பெரிய கஷ்டம். பிளாட்பாரம் தாண்டுற வரைக்கும் போன் அந்த செத்துப்போன வைஃபை சிக்னலை விடாது, ஒரு புள்ளி இருந்தாலும் பிடிச்சுக்கிட்டே இருக்கும், அதுல டேட்டா எதுவும் போகாது. அந்த நேரம் பூரா உங்க கடிகாரம் சர்வர்ல ஓடிக்கிட்டே இருக்கும். நெட் தாமதம் ஆனா கொஞ்சம் ஈடு குடுக்குற வசதி லிசெஸ்ங்கிற செஸ் ஆப்ல இருக்கு, ஆனா அது சின்னச் சின்ன தாமதத்துக்குத்தான், அரை நிமிஷம் காணாம போனா அதெல்லாம் உதவாது.

ஏறுறதுக்கு முன்னாடி வைஃபையை ஆஃப் பண்ணுங்க. அதோட அந்த ஸ்டேஷன் வைஃபையை செட்டிங்ஸ்ல போய் "மறந்துவிடு" குடுத்துடுங்க.

பல்லாவரம்_ராணி:
இன்னைக்கு காலைல வைஃபையை ஆஃப் பண்ணிட்டுதான் ஏறினேன். கிண்டி, மாம்பலம் ரெண்டும் தாண்டி கேம் கட்டே ஆகல! ஆனா எழும்பூர்ல மறுபடி கட், பாத்தா வைஃபை தானா ஆன் ஆகிருக்கு. நான் தொடவே இல்ல.

நெட்வொர்க்_கணேசன்:
அது ஆண்ட்ராய்டு பண்ற வேலை. தெரிஞ்ச நெட்வொர்க் பக்கத்துல வந்தா வைஃபையைத் தானா ஆன் பண்றதுன்னு ஒரு வசதி இருக்கு, வைஃபை செட்டிங்ஸ் உள்ள கூடுதல் விருப்பங்கள்ல பாருங்க, போனுக்கு போன் பேரு கொஞ்சம் மாறும். அதை அணைச்சுடுங்க. நேத்து சொன்ன "மறந்துவிடு"வை இன்னும் பண்ணலன்னு நினைக்கிறேன், அதையும் பண்ணுங்க. இதுக்கப்புறமும் நடு வழில கட் ஆனா மட்டும், சிம் செட்டிங்ஸ்ல 5ஜியை எடுத்துட்டு 4ஜில நிறுத்திப் பாருங்க, 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவுற இடத்துல அது நிலையா நிக்கும். செஸ்ஸுக்கு ஸ்பீடு தேவையே இல்ல, ஒரு மூவ்னா ஒரு சில எழுத்து அளவு டேட்டாதான், அறுந்து போகாம இருந்தா போதும்.

ஆரம்பநிலை_ஆசிரியர்:
நெட் சரியானாலும் ஒரு விஷயம் சொல்லணும்மா. நான் பசங்களுக்கு செஸ் சொல்லித் தர்றேன். இன்கிரிமென்ட் இல்லாத 5 நிமிஷ கேம் ட்ரெயினுக்கு ஏத்ததே இல்ல. டிக்கெட் கேப்பாங்க, யாராவது வழி விடச் சொல்லுவாங்க, இறங்குற இடம் வரும், கவனம் சிதறுற ஒவ்வொரு தடவையும் போன டைம் போனதுதான், திரும்ப வராது. 10+5 (ஆளுக்கு 10 நிமிஷம், மூவுக்கு 5 செகண்ட் கூடும்) இல்லன்னா 15+10 ஆடுங்க. ஒவ்வொரு மூவுக்கும் 5 செகண்டோ 10 செகண்டோ கூடிக்கிட்டே வரும், நல்ல பொசிஷன்ல இருக்குறவங்க கடிகாரத்தால மட்டும் தோக்குறது ரொம்பக் குறையும். இந்த முறைக்கான கடிகாரத்துக்கு முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் 1989ல பேட்டன்ட் வாங்கினாரு, 1992ல இன்னொரு முன்னாள் சாம்பியன் ஸ்பாஸ்கி கூட ஆடுன மேட்ச்ல அதை வச்சுதான் ஆடினாங்க, இன்னைக்கு பெரும்பாலான பெரிய டோர்னமென்ட்ல இன்கிரிமென்ட் சாதாரணம். ஆனா 15+10 கேம் ஒண்ணு நாப்பது நிமிஷம்கூட இழுக்கும், அதனால பல்லாவரத்துல ஏறின உடனே ஆரம்பிக்கணும், சைதாப்பேட்டை தாண்டினப்புறம் புது கேம் தொடங்காதீங்க, எதிர்ல இருக்குறவரும் நேரம் ஒதுக்கித்தானே உக்காந்திருக்காரு.

அப்புறம், காயை இழுத்து வைக்கிறதை விட்டுட்டு தட்டி வைக்கிற செட்டிங்கை போடுங்க. காயைத் தட்டு, போக வேண்டிய கட்டத்தைத் தட்டு, அவ்வளவுதான். வண்டி குலுங்குறப்போ இழுத்தா ராணி ஒரு கட்டம் தள்ளி எதிரி சிப்பாய் வாயில போய் உக்காரும். மூவை உறுதி செய்யச் சொல்லிக் கேக்குற வசதியும் இருக்கு, நேரம் அதிகமா இருக்குற கேம்ல அதைப் போட்டுக்கலாம்.

வடபழனி_குதிரை:
கணேசன் ப்ரோ சொன்னது எனக்கும் புதுசு, நானும் செக் பண்றேன். சிஸ்டர், நெட்டே வேணாம்னா லிசெஸ் ஆப்ல புதிர்களை முன்னாடியே கொஞ்சம் இறக்கி வச்சிருக்கும், ஆஃப்லைன்லயும் போடலாம். கம்ப்யூட்டர் கூடவும் ஆஃப்லைன்ல ஆடலாம்.

சேப்பாக்கம்_சிப்பாய்:
போர்டு பத்தி யாரும் சொல்லலையே. நாங்க ரெண்டு பேரு வருஷக்கணக்கா ட்ரெயின்ல ஆடுறோம், அதனால சொல்றேன். காந்தம் வச்ச மடக்குற செட் வாங்குங்க, ஆனா ரொம்பச் சின்னது வேணாம், உள்ளங்கை சைஸ் போர்டுல மந்திரிக்கும் சிப்பாய்க்கும் வித்தியாசமே தெரியாது, வெளிச்சம் கம்மியான பெட்டில கண்ணு வலிக்கும். ரெண்டு பேர் மடியில சேந்து நிக்கிற அகலம் இருந்தா போதும். கடையில வாங்குறப்போ எல்லா காயையும் அடுக்கி, போர்டை செங்குத்தா நிமித்தி நல்லா குலுக்கிப் பாருங்க. சிப்பாய்தான் முதல்ல விழும், அதோட காந்தம் சின்னது. அப்புறம் நடு மடிப்புகிட்ட இருக்குற கட்டங்கள்ல காயை வச்சுப் பாருங்க, மலிவான செட்ல அந்த இடத்துல பிடிப்பே இருக்காது, ஆட்டம் பூரா நடக்குறதே போர்டு நடுவுலதான். காயைத் திருப்பி அடியில பாருங்க, காந்தம் ஒட்டின பசை பிரிஞ்சு வந்துச்சுன்னா அந்த காய் அன்னைக்கே காலி.

கூட்டமான நேரத்துல போர்டை விரிக்காதீங்க, பக்கத்து சீட்காரங்களுக்கு இடைஞ்சல். அப்போ ஒரே போனை மாத்தி மாத்திக் குடுத்து ஆடலாம், நேருக்கு நேர் ஆடுற மோடு ஆப்லயே இருக்கு, கடிகாரமும் ஓடும், நெட் தேவையில்ல.

பல்லாவரம்_ராணி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். வைஃபையை மறக்க வச்சாச்சு, தானா ஆன் ஆகுறதையும் அணைச்சாச்சு, இன்னைக்கு 10+5 ஒண்ணு பார்க் வரைக்கும் தடங்கல் இல்லாம முடிஞ்சுது, டிராதான், ஆனா முழுசா ஆடினேன். சாயங்காலம் ஆட்டம் பாதில இறங்க வேண்டி வந்தா அடுத்த நாள் எப்படித் தொடர்றது? அப்புறம் பக்கத்துல உக்காந்திருக்குற அம்மா ஒருத்தங்க "குதிரையை எடும்மா"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க, நல்லா ஆடுறவங்க, அது தப்பா?

சேப்பாக்கம்_சிப்பாய்:
போர்டை போட்டோ எடுங்க, ஆனா போட்டோ மட்டும் போதாது. யாரு மூவ்னு அதுல தெரியாது, ராஜாவோ யானையோ ஏற்கனவே நகந்துச்சான்னும் தெரியாது, அடுத்த நாள் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவ்ல நகத்துறது) பண்ணலாமா கூடாதான்னு சண்டை வரும். மூவ்களை எழுதிக்கிட்டே வந்தா இந்தக் குழப்பமே இல்ல, நாங்க ஒரு சின்ன நோட்டு வச்சிருக்கோம்.

ஆரம்பநிலை_ஆசிரியர்:
ரேட்டிங் கேம்ல அடுத்தவங்க சொல்ற மூவை ஆடக்கூடாதும்மா, ஆப் விதிப்படி அது ஏமாத்துறதுதான், மனுஷன் சொன்னாலும் சரி, இன்ஜின் (செஸ் ஆடுற கம்ப்யூட்டர் ப்ரோகிராம்) சொன்னாலும் சரி. கேம் முடியட்டும்னு அந்தம்மாகிட்ட அன்பா சொல்லிட்டு, முடிஞ்சதும் அதே பொசிஷனை அவங்களுக்குக் காட்டுங்க. சாயங்காலம் போர்டு வர்றப்போ அவங்களையே ஒரு ஆட்டத்துக்குக் கூப்பிடுங்களேன், நல்லா ஆடுறவங்கன்னு நீங்களே சொல்றீங்க.